பெடல் சொல்வதைக் கேளுங்கள்: பழைய கார் பிரேக் கேள்வி பதில்

அம்பாசடர், பத்மினி, பழைய ஜீப் வைத்திருக்கும் டெல்டாக்காரர்கள் அனுப்பிய பிரேக் கேள்விகளும் பதில்களும் இவை. கேள்வியில் வரும் வண்டிகள் எல்லாமே மிதிக்கு உதவும் பூஸ்டர் இல்லாமல், கால் பலத்தில் மட்டும் பிடிக்கிற டிரம் பிரேக் வண்டிகள். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை பைப் லைனில் தள்ளும், சக்கரத்தில் உள்ள வீல் சிலிண்டர் லைனிங் ஒட்டிய ஷூவை விரித்து, சுற்றும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். இனி கேட்பவர்கள் "பிரேக் வீக்கா இருக்கு" என்று மட்டும் எழுத வேண்டாம். பெடல் கல் மாதிரி இருக்கிறதா, பஞ்சு மாதிரியா, முதல் மிதிக்குத் தரை வரை போகிறதா, மிதித்தபடி வைத்திருந்தால் மெல்ல இறங்குகிறதா என்று சொல்லுங்கள். நாலும் நாலு வேறு நோய்.

தஞ்சாவூர், அம்பாசடர்: அண்ணே, நாலு சக்கரத்துக்கும் புது லைனிங் போட்டு ஒரு மாசம் ஆச்சு. பெடல் உயரமா நிக்குது, கல்லு மாதிரி கெட்டி. ஆனா வண்டி நிக்க மாட்டேங்குது. பழைய லைனிங்கே தேவலாம் போல இருக்கு.

பெடல் உயரமாக, கெட்டியாக இருந்தால் லைனில் காற்று இல்லை, லீக் இல்லை. கோளாறு பெரும்பாலும் லைனிங் டிரம்மைத் தொடுகிற இடத்தில்தான். உங்கள் டிரம்மை இதற்கு முன் எத்தனை தடவை லேத்தில் கடைந்தார்கள் என்று விசாரியுங்கள். கடையக் கடைய டிரம் பெரிதாகும். ஷூவின் வளைவோ பழைய அளவிலேயே இருக்கும். அதனால் லைனிங்கின் நடுவில் ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு மட்டும் டிரம்மைத் தொடும். அந்த இடமே எல்லா உராய்வையும் வாங்கிக் கருகி, கண்ணாடி மாதிரி பளபளத்துவிடும்.

சோதிக்க ஒரு சாக்பீஸ் போதும். டிரம்மைக் கழற்றி உட்புறம் முழுக்கச் சாக்பீஸ் தேயுங்கள். திரும்ப மாட்டி, லேசாக உரசும் அளவுக்கு அட்ஜஸ்டரை (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை வைக்கும் திருகு) இறுக்கி, சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். லைனிங்கில் வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் பிரேக் பிடிக்கிறது. முக்கால் பங்கு வெள்ளையானால் நல்லது. நடுவில் மட்டும் இருந்தால், ஷூவை டிரம்மோடு கொண்டுபோய் அந்த டிரம் அளவுக்கே லைனிங்கைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். வீட்டில் செய்வதானால் 80 நம்பர் எமரி காகிதத்தை டிரம்முக்குள் ஒட்டி, ஷூவைக் கையால் அழுத்தித் தேய்க்கலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். தூசியைக் கம்ப்ரஸரால் ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள், முகமூடி போடுங்கள். டிரம் விட்டம் புதுசை விட 1.5 மி.மீ.க்கு மேல் பெரிதாகியிருந்தால் இந்த வேலையெல்லாம் வீண், டிரம்மையே மாற்றுங்கள்.

அடுத்தது லைனிங்கின் ரகம். ஓரத்தில் அச்சடித்திருக்கும் ஆங்கில எழுத்துகளில் கடைசி இரண்டைப் பாருங்கள். முதலாவது ஆறியிருக்கும்போது பிடிப்பு, இரண்டாவது சூட்டில் பிடிப்பு. 'ஈ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை. 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை. பூஸ்டர் இல்லாத வண்டிக்கு 'எஃப்எஃப்' கேட்டு வாங்குங்கள். லாரி லைனிங்கை வெட்டி ஒட்டினால் பல வருஷம் தேயாமல் உழைக்கும், உண்மைதான். தேயாத லைனிங் பிடிக்கவும் பிடிக்காது.

இன்னொன்றும் பார்க்கணும். அம்பாசடர் முன் சக்கரத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு வீல் சிலிண்டர். ஒன்று துருப்பிடித்து இறுகினால் அந்தச் சக்கரத்தில் ஒரு ஷூதான் வேலை செய்யும். பெடலில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரு டிரம்மை மட்டும் கழற்றிவிட்டு, உள்ளே ஒருவரை உட்கார வைத்து, பெடலை ஒரு அங்குலம் மட்டும் மெதுவாக அமுக்கச் சொல்லுங்கள். இரண்டு ஷூவும் நகர வேண்டும். வேகமாக மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும்.

கும்பகோணம், பத்மினி: சார், முதல் மிதியில பெடல் தரை வரைக்கும் போகுது. ரெண்டாவது, மூணாவது மிதியில மேல வந்து நல்லா பிடிக்குது. நாலு தடவை ஏர் எடுத்தாச்சு.

ஐந்தாவது தடவை லைனிலிருந்து காற்றை எடுக்காதீர்கள். பம்ப் பண்ணியதும் பெடல் ஏறி, ஏறிய இடத்தில் கெட்டியாக நின்றால் அது ஏர் இல்லை, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி. ஏர் இருந்தால் பெடல் மேலே வந்த பிறகும் பஞ்சு மாதிரி அமுங்கும்.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஒரு அட்ஜஸ்டரைச் சக்கரம் இறுகும் வரை திருப்புங்கள். பிறகு கை விட்டுச் சுற்றினால் லேசான உரசல் சத்தத்தோடு தடையில்லாமல் சுற்றும் வரை தளர்த்துங்கள். முன் சக்கரத்தில் இரண்டு ஷூவுக்கும் தனித்தனி அட்ஜஸ்டர். ஒன்றை மட்டும் வைத்துவிட்டு எழுந்துவிடுகிற வழக்கம் பட்டறைகளில் உண்டு. முடித்ததும் பெடலை ஓங்கி இரண்டு மிதி மிதித்து, ஷூ நடுவில் உட்கார்ந்த பிறகு மறுபடி சரிபாருங்கள். முன் வீல் பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் டிரம் சாய்ந்து ஷூவை உள்ளே தள்ளும். அட்ஜஸ்ட் செய்யும் முன் டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிடுங்கள். பின் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்யும்போது ஹேண்ட் பிரேக் கேபிள் முழுக்கத் தளர்ந்திருக்க வேண்டும்.

மன்னார்குடி, அம்பாசடர்: ஐயா, பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டா பிரேக் பவர் கூடும்னு பட்டறையில சொல்றாங்க. போடலாமா?

வேணாம். கணக்கைப் பாருங்கள். காலால் 30 கிலோ அழுத்துகிறீர்கள், பெடல் நெம்புகோல் 5 மடங்கு என்று வைப்போம். மாஸ்டருக்குப் போவது 150 கிலோ. முக்கால் இன்ச் மாஸ்டரின் பரப்பு 2.85 சதுர செ.மீ. லைனில் கிடைக்கும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு சுமார் 53 கிலோ. 7/8 இன்ச் போட்டால் 39. ஒரு இன்ச் போட்டால் 30-க்கும் கீழே. பெரிய மாஸ்டர் பெடலைக் கெட்டியாக்கும், பிரேக்கைக் குறைக்கும். கெட்டியாக இருப்பதைப் பவர் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சின்ன மாஸ்டர் அழுத்தத்தைக் கூட்டும். ஆனால் அதே அளவு ஆயிலைத் தள்ளப் பெடல் நீளமாக இறங்க வேண்டும். 8 சி.சி. தள்ள ஒரு இன்ச் மாஸ்டருக்கு 16 மி.மீ. போதும், முக்கால் இன்ச்சுக்கு 28 மி.மீ. வேண்டும். பெடலில் அது ஐந்து மடங்கு. லைனிங் தேய்ந்த அன்று பெடல் தரையைத் தொட்டுவிடும். கம்பெனி அளவிலேயே இருங்கள். பின் வீல் சிலிண்டரைப் பெரிதாக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள், பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுற்றிவிடும்.

பாபநாசம், அம்பாசடர்: அண்ணே, குறுவை அறுப்பு நேரத்துல ரோட்டுல வைக்கோல் பரப்பி வச்சிருக்காங்க. மெதுவா பிரேக் போட்டாலும் பின்பக்கம் வழுக்கிட்டுப் போகுது. வைக்கோல்தான் காரணமா?

வைக்கோல் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். பிரேக் போட்டால் எடை முன்னால் சாயும். அதனால் முன் சக்கரம்தான் கூடுதலாகப் பிடிக்கணும். மெதுவாக மிதிக்கும்போதே பின்சக்கரம் லாக் ஆகிறதென்றால் முன்பிரேக் பாதிகூட வேலை செய்யவில்லை. முன் சிலிண்டர்களையும் முன் ரப்பர் ஹோஸையும் முதலில் பாருங்கள். ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே உப்பி வழி அடைந்திருக்கும். ஆறேழு வருஷம் ஆனதென்றால் கேள்வியே கேட்காமல் மாற்றலாம். பின்னால் ஒரு பக்கம் மட்டும் வெடுக்கென்று பிடித்தால் டிரம்மைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். கியர் ஆயில் வாசனை வந்தால் ஆக்சில் ஆயில் சீல் போய்விட்டது. ஆயிலில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது பிரயோஜனமில்லை, சூடேறியதும் உள்ளே ஊறியது வெளியே வரும். புது சீல் போடுவதோடு ஆக்சிலின் மூச்சுத் துளையையும் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அது அடைந்தால் புது சீலும் ஆறு மாதத்தில் கசியும்.

மயிலாடுதுறை, பத்மினி: சீர்காழி வரைக்கும் போறதுக்குள்ள பிரேக் தானா இறுகிடுது சார். டிரம்முல கை வைக்க முடியல. அரை மணி நேரம் நிறுத்தினா சரியாயிடுது.

மாஸ்டரில் ஊசித்துளை ஒன்று இருக்கிறது. பெடலை விட்டதும் அந்தத் துளை வழியாகத்தான் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். அது மூடியே இருந்தால், ஓடும் சூட்டில் விரிகிற ஆயிலுக்குப் போக இடமில்லை. ஷூ தானாக நெருங்கும். அடுத்த தடவை இறுகியதும் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, மாஸ்டரிலிருந்து கிளம்பும் பைப்பின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரங்கள் விடுபட்டால் கோளாறு மாஸ்டரில். விடுபடாமல், ஒரு சக்கரத்தின் நிப்பிளை (ஏர் எடுக்கும் திருகு) திறந்தால் மட்டும் அது விடுபட்டால், அந்தச் சக்கரத்து ஹோஸ். நிப்பிளைத் திறந்தும் விடுபடவில்லையா, ஷூ ஸ்பிரிங் அல்லது இறுகிய பிஸ்டன்.

மாஸ்டர் என்றால் பெரும்பாலும் புஷ்ராடு நீளமாக வைத்திருப்பார்கள். ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் 1 மி.மீ. ஆட்டம் வேண்டும், பெடலில் அது அரை சென்டிமீட்டராகத் தெரியும். ஆட்டம் சரியாக இருந்தும் இறுகினால் உள்ளே ரப்பர் வாஷர் ஊதியிருக்கிறது.

நாகப்பட்டினம், பத்மினி: டப்பாவுல பிரேக் ஆயில் குறைஞ்சிருந்ததுன்னு பையன் இன்ஜின் ஆயில் ஊத்திட்டான். கொஞ்சம்தான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. பிரேக் ரப்பர் தாதுஎண்ணெயில் ஊதிப் பிசுபிசுக்கும். வண்டியை எடுக்காதீர்கள். மாஸ்டர் கிட் (உள்ளே மாற்றும் ரப்பர் பாகங்கள்), எல்லா வீல் சிலிண்டர் கிட், எல்லா ஹோஸ் மூன்றையும் மாற்றி, இரும்பு பைப்பை ஸ்பிரிட்டால் கழுவிக் காற்றடித்து உலர்த்திவிட்டுத்தான் புது ஆயில்.

வேதாரண்யம், பழைய ஜீப்: ஐயா, மூணு வருஷமா கொட்டகையில நிக்குது. பெடலை மிதிச்சு வச்சா மெல்ல மெல்ல இறங்குது. வெளியில எங்கயும் கசிவு இல்ல.

கசிவு இல்லாமல் இறங்கினால் மாஸ்டருக்குள் வாஷரைத் தாண்டி ஆயில் பின்னால் போகிறது. கிட் வாங்கும் முன் மாஸ்டரைப் பிரித்து, டார்ச் அடித்து உள்சுவரைப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மூன்று வருஷம் உப்பளக் காற்றில் நின்ற வண்டியில் அந்தத் தண்ணீர் அடியில் தங்கி, சுவரில் அம்மைத்தழும்பு மாதிரிக் குழி விட்டிருக்கும். நகம் தடுக்கினால் புது கிட் ஒரு மாதம்கூடத் தாங்காது. ஸ்டீல் ஸ்லீவ் போட வேண்டும், இல்லையேல் புது மாஸ்டர்.

ஜீப்பில் சேஸிஸ் ஓரமாக ஓடும் இரும்பு பைப்பைக் கையால் தடவிப் பாருங்கள், கிளிப்புக்கு அடியில்தான் துரு தின்னும். கடலோரத்துக்குக் குப்ரோ நிக்கல் பைப் பொருத்தமானது. வெறும் செம்பு அதிர்வில் இறுகி விரிசல் விடும். ஆயில் டாட் 3 என்றால் புதுசில் 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஈரம் ஏறினால் 140. டாட் 4 என்றால் 230, 155. இரண்டில் எதுவானாலும் உங்கள் ஊர்க் காற்றுக்கு வருஷம் ஒரு முறை மாற்றுங்கள். திறந்து பாதி மிச்சம் வைத்த டப்பாவை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் எடுப்பது மாஸ்டருக்கு மிகத் தூரமான சக்கரத்திலிருந்து: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஜீப்பில் ஷூவின் கீழ்ப்பிடி பின்களும் திருகும் வகை. அவற்றைத் தொடாமல் மேலே உள்ள அட்ஜஸ்டர் கேமை மட்டும் வைத்தால் ஷூ சாய்வாகவே உரசும்.

திருவாரூர், அம்பாசடர்: ஆத்தங்கரை ஏத்தத்துல நிறுத்தினா பின்னால உருளுது. முன்னால போறப்ப நல்லா பிடிக்குது.

முன் சக்கரத்தின் இரண்டு ஷூவும் முன்னோக்கிச் சுற்றும்போது தானாக உள்ளிழுத்துப் பிடிக்கும் அமைப்பு. பின்னோக்கி உருண்டால் அந்த உதவி கிடையாது, கூட அழுத்தித்தான் மிதிக்கணும். நோய் இல்லை. ஹேண்ட் பிரேக்கைச் சரியாக வையுங்கள்.

பட்டுக்கோட்டை, அம்பாசடர் டீசல்: அண்ணே, பூஸ்டர் போடவா, முன்னாடி டிஸ்க் போடவா? ஒரு வேலைக்குத்தான் இப்ப காசு இருக்கு.

டிஸ்க்குக்கு டிரம் மாதிரி தானாக இழுத்துப் பிடிக்கும் குணம் இல்லை, கூடுதல் அழுத்தம் கேட்கும். பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மட்டும் போட்டால் இப்போதையதை விடப் பெடல் கனமாகும். டிரம் மாஸ்டரின் வாயில் லைன் அழுத்தத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும் வால்வு வேறு இருக்கிறது, அது டிஸ்க் பேடை எப்போதும் உரச வைக்கும். ஆக டிஸ்க் என்றால் பூஸ்டர், மாஸ்டர், டிஸ்க் மூன்றும் சேர்ந்த செலவு.

பூஸ்டர் மட்டும் என்றாலும், டீசல் இன்ஜினின் மேனிபோல்டில் பெட்ரோல் இன்ஜின் மாதிரி பூஸ்டரை இயக்கும் வேக்கம் (உறிஞ்சு விசை) கிடைக்காது. ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்கம் பம்ப் தேவை. ஒரு வேலைக்கு மட்டும் காசு என்றால் டேன்டம் மாஸ்டர் (இரண்டு தனி அறை கொண்டது) போட்டு முன், பின் லைனைப் பிரித்துவிடுங்கள். ஒற்றை லைனில் ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு. டேன்டம் பிடிப்பைக் கூட்டாது. ஆனால் உயிர் மிஞ்சும்.

திருத்துறைப்பூண்டி, பத்மினி: ஐப்பசி மழையில தண்ணி தேங்கின ரோட்டைத் தாண்டினதும் பிரேக்கே இல்ல சார்.

டிரம்முக்குள் தண்ணீர். தாண்டியதும் இரண்டாவது கியரில் லேசாக பெடலை அமுக்கியபடி நூறு மீட்டர் ஓட்டுங்கள், சூட்டில் காய்ந்துவிடும். வயல் சேறு கலந்த தண்ணீர் என்றால் மறுநாள் டிரம்மைக் கழற்றிக் கழுவுங்கள், வண்டல் லைனிங்கில் பதிந்து டிரம்மை அறுக்கும்.

தஞ்சாவூர், மறுபடி: எல்லாம் செஞ்சபிறகு சரியாயிடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது அண்ணே?

ஆளில்லாத, காய்ந்த, சமதளமான தார் ரோட்டில் ஒரு கோடு போட்டு, 30 கி.மீ. வேகத்தில் கோட்டில் பிரேக் போடுங்கள். 6 மீட்டரில் நின்றால் நல்ல பிரேக். 10 மீட்டர் தாண்டினால் சாக்பீஸை மறுபடி எடுங்கள். புது லைனிங் என்றால் இந்தச் சோதனைக்கு முன் 50-லிருந்து 20-க்கு ஒரு இருபது தடவை மிதமாகக் குறைத்து, ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஒரு நிமிஷம் ஆறவிட்டு ஓட்டி, லைனிங்கைப் படியவிடுங்கள்.