கரண்டுக்கு மூடு, விறகுக்குத் திற

டிசம்பர் பிறந்துவிட்டால் வருகிற கடிதங்களில் பாதி ஹீட்டர், மீதி கீசர். இந்த முறை நாலு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், ஒன்றில் கணப்பை மூடச் சொல்லியிருப்பேன், இன்னொன்றில் திறக்கச் சொல்லியிருப்பேன்.

பழைய பங்களாவின் ஒரு பாதியில் வாடகைக்கு இருக்கிறோம். 2,000 வாட் ஃபேன் ஹீட்டர் வாங்கினோம். இரண்டு மணி நேரம் ஓடினாலும் கால் சில்லென்றே இருக்கிறது, பிளக்தான் கொதிக்கிறது. ஆயில் ஹீட்டருக்கு மாறலாமா?
– ஒரு வாசகி, ஃபெர்ன்ஹில், ஊட்டி

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பிளக் கொதிப்பதை முதலில் கவனிக்க வேண்டும், குளிரை விட அது அவசரம். 2,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். டிவிக்கும் மொபைலுக்கும் வைத்த 6 ஆம்பியர் பாயிண்ட் அதைத் தாங்காது. பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் செருக ஒரு கன்வெர்ட்டர் விற்கிறார்களே, அதைப் போட்டிருந்தால் இன்றைக்கே குப்பையில் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி.யோடு (சுமை மீறினால் தானே விழுந்து கரண்டை அணைக்கும் சுவிட்ச்), குறைந்தது 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் இழுத்து, 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று போடச் சொல்லுங்கள். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைச் சோதித்துக் காட்டவும் சொல்லுங்கள், பழைய பங்களாக்களில் மூணாவது ஓட்டை வெறும் அழகுக்கு இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வோல்டேஜ். சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவே ஹீட்டர் போடும்போது சப்ளை 180க்கு இறங்கினால், உங்கள் 2,000 வாட் ஹீட்டர் தருவது சுமார் 1,200 வாட்தான். அது ஹீட்டரின் குற்றம் இல்லை.

இனி அறைக்கு வருவோம். பங்களா என்றால் உயரமான கூரை, மூலையில் கணப்பு, அதாவது விறகு எரிக்கும் ஃபயர்பிளேஸ். சூடான காற்று மேலேதான் போகும், போனது புகைக்கூண்டு வழியாக வெளியே கிளம்பிவிடும். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கணப்பின் வாயருகே பிடித்துப் பாருங்கள். புகை சர்ரென்று உள்ளே இழுத்துக்கொண்டு மேலே போனால், நீங்கள் இரண்டு மணி நேரமாக ஊட்டி வானத்தைச் சூடாக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கணப்பை எரிப்பதில்லை என்றால், அதன் வாய்க்கு அளவாக ஒரு பிளைவுட் பலகை வெட்டிப் பழைய கம்பளியைச் சுற்றி அடைத்துவிடுங்கள். கதவடி இடுக்குக்குப் பழைய பேன்ட் காலில் மணல் நிரப்பித் தைத்த உருளை போதும், ஜன்னலுக்குத் தரை வரை தொங்கும் கனமான திரை. இதை எல்லாம் செய்த பிறகு அதே ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள்.

ஆயில் ஹீட்டர் சத்தம் போடாது, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு நிற்கும், படுக்கையறைக்கு நல்லது. ஆனால் ஃபேனோ ஆயிலோ ராடோ, ஒரு யூனிட் கரண்டுக்குக் கிடைக்கிற சூடு ஒன்றேதான். 2,000 வாட் தினமும் விடாமல் ஐந்து மணி நேரம் ஓடினால் நாளைக்கு 10 யூனிட், இரண்டு மாத பில்லில் 600 யூனிட். இலவச யூனிட் எந்த மூலைக்கு!

கரண்ட் போகிற ராத்திரிகளில் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக்கொள்கிறோம். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, குளிர் தாங்கவில்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதுமா?
– ஒரு வாசகர், அட்டுவம்பட்டி, கொடைக்கானல்

போதாது. தூங்கும் அறையில் கரிச்சட்டி வேண்டவே வேண்டாம். கங்கு சிவந்து, புகையே இல்லாமல் அழகாக இருக்கும்போதுதான் ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம், அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் போகிறது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே காற்று ஏற்கனவே ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசருக்கும் இதே கதைதான். அதை வெளிச்சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

அப்பாவுக்கு வெந்நீர்ப் பை இரண்டு, படுக்கும் முன் கம்பளிக்குள் வைத்துவிடுங்கள். கணப்பு இருந்தால், அடைத்த பலகையை எடுத்துத் திறந்துவிட்டு அதை எரிக்கலாம், ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை புகைக்கூண்டில் படிந்த கரியைச் சுரண்டி, பறவைக்கூடு இருக்கிறதா என்று பார்த்த பிறகு. சீகை (வாட்டில் மரம்) விறகு ஈரமாக இருந்தால் புகை அறைக்குள் திரும்பும், ஆறு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். முதலில் ஒரு செய்தித்தாளைக் கொளுத்திக் கூண்டைச் சூடாக்கிவிட்டுப் பிறகு விறகு வையுங்கள்.

மேலே சொன்ன பலகை விஷயத்தில் எனக்கே ஒரு அடி விழுந்திருக்கிறது. லவ்டேலில் குடியிருந்தபோது பலகையைக் கணப்பின் வாயில் அடைக்காமல், வெளியே தெரியக் கூடாதென்று கூண்டின் கழுத்துக்குள் ஏற்றிச் செருகிவிட்டேன். நாலு மாதம் கழித்து விருந்தாளிகளுக்காகக் கணப்பைப் பற்றவைத்தபோது அது அங்கே இருப்பதே நினைவில்லை. எல்லோரும் இருமிக்கொண்டே தட்டோடு வாசலில் நின்று சாப்பிட்டார்கள். அதிலிருந்து பலகையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வெளியே தொங்கவிடுகிறேன்.

ஹோம்ஸ்டேக்கு ஹாட் அண்ட் கோல்ட் ஏசி போட்டோம். விடியற்காலையில் வெளி யூனிட் முழுக்க வெள்ளையாகப் பனி பிடிக்கிறது, உள்ளே சூடு வருவதும் நின்றுவிடுகிறது. பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

இல்லை, அது அதன் சுபாவம். இந்த ஏசி கரண்டைச் சூடாக மாற்றுவதில்லை, வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது. அதனால்தான் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குக்கூடச் சூடு தர முடிகிறது, குளிர் ஏற ஏற அது குறையும். சூட்டை இழந்த வெளி யூனிட் மேல் மூடுபனியின் ஈரம் உறைகிறது. அதை உருக்க மெஷின் கொஞ்ச நேரம் தலைகீழாக ஓடும். அப்போது ஆவி கிளம்பும், அதைப் புகை என்று நினைத்து யாரும் தண்ணீர் ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உருகிய தண்ணீர் வடிய யூனிட்டைத் தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி வையுங்கள். ஃபில்டரை மாதம் ஒரு முறை கழுவுங்கள். அரை மணிக்கொரு முறை பனி பிடித்தாலோ உருகாமல் கட்டியானாலோ மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், கேஸ் குறைந்திருக்கலாம்.

கீசர் 'உஸ்' என்று சத்தம் போடுகிறது, சூடாகவும் நேரம் பிடிக்கிறது. புதுசு வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகி, வெலிங்டன்

எலிமென்ட் மேல் படிவு ஏறியிருக்கும், கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். கழற்றும்போதே உள்ளே இருக்கிற மெக்னீசியம் ராடையும் காட்டச் சொல்லுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்து தீர்வதுதான் அதன் வேலை. பென்சில் கனத்துக்கு இளைத்திருந்தால் மாற்றிவிடுங்கள், கீசரை மாற்ற வேண்டாம்.