காற்று மெத்தை: வாங்கும் முன்பும் படுக்கும் முன்பும் (கேள்வி பதில்)

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் தங்க வருகிறவர்களுக்கு டென்ட்டும் படுக்கையும் வாடகைக்குக் கொடுக்கிறேன். காற்று மெத்தை பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: அண்ணா, புது மெத்தை. ராத்திரி படுக்கும்போது கல் மாதிரி இருந்தது, விடியும்போது இடுப்பு தரையைத் தொடுகிறது. ஓட்டை எங்கேயும் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம் தம்பி. புது பி.வி.சி. முதல் சில தடவை காற்று நிரப்பும்போது இழுபட்டுக் கொடுக்கும், அதனால் காற்று வெளியே போகாமலேயே மெத்தை தளர்ந்துவிடும். அடுத்த காரணம் குளிர். மதியம் 22 டிகிரியில் நிரப்பிய காற்று விடியற்காலை 8 டிகிரிக்கு வரும்போது ஏறக்குறைய 5 சதவீதம் சுருங்கும். கேட்க சின்னக் கணக்குதான், ஆனால் மெத்தைக்குள் இருக்கும் அழுத்தமே வெளிக் காற்றைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், அதில் இது போனாலே தொய்ந்துவிடும். சாயங்காலம் நிரப்பி வைத்தாலும் படுக்கப் போகும் நேரத்தில் இன்னொரு முறை கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? வீட்டுக்குள் நிரப்பி, யாரும் படுக்காமல் ஒரு ராத்திரி விடுங்கள். அப்போதும் சப்பென்று கிடந்தால் கசிவுதான், திருப்பிக் கொடுங்கள். அப்புறம், கல் மாதிரி நிரப்பவே கூடாது. முழங்கால் ஊன்றினால் தரை தட்டக் கூடாது, படுத்தால் இடுப்பு லேசாக அமுங்க வேண்டும், அவ்வளவு காற்று போதும்.

கேள்வி: போன டிசம்பரில் மன்னவனூரில் தங்கினோம். ரெண்டு கம்பளி போர்த்தியும் முதுகு விறைத்துப்போனது. மெத்தை மேல்தானே படுத்தோம்?

பதில்: மெத்தை மேல் படுத்ததால்தான். உள்ளே இருக்கும் காற்று சும்மா நிற்காது, சுழன்றுகொண்டே இருக்கும், உங்கள் முதுகுச் சூட்டை எடுத்துப்போய் ஈரத் தரையில் விட்டுவிடும். மேலே எத்தனை போர்த்தினாலும் கீழ்ப்பக்கம் திறந்துதான் கிடக்கிறது. அந்த ரெண்டு கம்பளியில் ஒன்றை மடித்து மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவில் விரித்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். யோகா செய்யும் ஃபோம் விரிப்பு இருந்தால் இன்னும் நல்லது. மலையேறுகிறவர்களுக்கான மெத்தைகளில் ‘ஆர் வேல்யூ’ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், தரைக் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு அது. வீட்டு மெத்தைகள் பெரும்பாலும் 1-ஐத் தாண்டாது. மேல்மலையில் பனி விழும் மாதங்களுக்கு 3-க்கு மேல் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கார் டயருக்குக் காற்றடிக்கும் சின்ன மெஷின் இருக்கிறது, அது போதுமா சார்?

பதில்: போதாது. அது கொஞ்சம் காற்றை அதிக அழுத்தத்தில் தள்ளும் மெஷின். இருவர் படுக்கும் மெத்தைக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் காற்று வேண்டும், அழுத்தமோ மிகக் குறைவு. மெத்தை நிரம்புவதற்குள் மெஷின் சூடாகிவிடும். சார்ஜ் போடும் பம்ப்போ, கரண்டே தேவைப்படாத கால் பம்ப்போ வாங்குங்கள். வாயால் ஊதவே வேண்டாம், தலை சுற்றும், மூச்சின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: ஏழு மாதக் குழந்தையையும் எங்களோடு அதிலேயே படுக்க வைக்கலாமா அண்ணா?

பதில்: கூடாதும்மா. ஒரு மணி நேரத்துக்குக்கூட வேண்டாம். குழந்தையின் முகம் அமுங்கினால் அதுவாகத் திருப்பிக்கொள்ள முடியாமல் போகலாம், பெரியவர் புரண்டால் மெத்தை சரிந்து குழந்தை உருளும், சுவர் இடுக்கிலும் மாட்டிக்கொள்ளும். 15 மாதம் வரை உள்ள குழந்தைகளைப் படுக்க வைக்கக் கூடாது என்று அமெரிக்காவில் விற்கும் மெத்தைகளிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். குழந்தைக்குத் தரையில் கெட்டியான, தட்டையான விரிப்பு தனியாகப் போடுங்கள். நீங்கள் இருவரும் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

கேள்வி: பஞ்சர். சைக்கிள் டியூப் சொல்யூஷன் போட்டு ஒட்டினேன், மறுநாளே பிய்ந்துவிட்டது.

பதில்: அது ரப்பருக்கானது, பி.வி.சி.யில் நிற்காது. தண்ணீர்க் குழாய் ஒட்டும் பசையும் வேண்டாம், காய்ந்தால் விறைத்து மடிப்பில் விரிசல் விடும். முதலில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், வால்வில் தொடங்குங்கள், பல நேரம் வால்வ் மூடியில் மணல் ஒட்டியிருப்பதுதான் கோளாறாக இருக்கும். ஓட்டை கிடைத்ததும் காற்றை முழுக்க இறக்கி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். மேல்பக்கம் வெல்வெட் மாதிரி இருந்தால் அந்த இடத்தில் மட்டும் அந்த வெல்வெட் பூச்சைச் சுரண்டி வழவழப்பான பி.வி.சி. தெரியும்படி எடுத்துவிட வேண்டும், இதை விட்டால் எந்தப் பசையும் பிடிக்காது. பி.வி.சி.க்கான வினைல் பசையில் ஒட்டுத் துண்டை ஒட்டி, மேலே கனம் வைத்து, ஒரு முழு நாள் காற்று அடிக்காமல் விடுங்கள். மெத்தை ஒரு பக்கம் பந்தாகப் புடைத்திருந்தால் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் உள்ளே இழுத்துப் பிடிக்கும் தடுப்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம், அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

கேள்வி: ஊரிலிருந்து அத்தை வருகிறார், முட்டிவலி. எந்த உயரம்?

பதில்: 25 செ.மீ. மெத்தையிலிருந்து எழ அவர் படாதபாடு படுவார். 45 செ.மீ. வாங்குங்கள், சுவரோரமாகப் போடுங்கள், பிடித்து எழ ஒரு நாற்காலியும் வையுங்கள். இல்லையென்றால் கட்டிலை அத்தைக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் இதில் படுங்கள்.

கேள்வி: அப்பா படுத்த படுக்கை. முதுகில் புண் வராமலிருக்க இதே மெத்தை உதவுமா?

பதில்: இது உதவாது. மருத்துவ உபகரணக் கடையில் கிடைக்கும் ஏர் பெட் வேறு. அதில் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், மெத்தையின் காற்றறைகள் மாறி மாறி நிரம்பி இறங்கும், ஒரே இடத்தில் அழுத்தம் தங்காது. அதைப் போட்டாலும் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்தக் கூடாது, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

கேள்வி: சென்னையில் மொட்டை மாடியில் போட்டுத் தூங்கலாமா? வியர்க்குமே?

பதில்: தாராளமாக. மேலே கோரைப்பாய், அதன்மேல் பருத்தித் துணி விரித்தால் வியர்வை ஒட்டாது. மாடித் தரையைப் பெருக்கிவிட்டு அடியில் பழைய ஜமுக்காளம் போடுங்கள், சிமென்ட் பொருக்கு குத்தும். காலையில் வெயில் ஏறுமுன் காற்றை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் காற்று விரிந்து ஒட்டு பிரியும். ஈரம் உலர்ந்தபின் மடித்து, எலி வராத இடமாகப் பார்த்து வையுங்கள்.