வேறொரு நாட்டின் பணத்தில் சின்ன ஊரில் கட்டிய கால்பந்து மைதானத்தால் அந்த ஊருக்கு உண்மையில் நன்மை உண்டா?

உண்டு. ஆனால் பணம் கொடுத்தவர்கள் எதிர்பார்த்தது ஒன்று, ஊருக்குக் கிடைத்தது இன்னொன்று. நான் சில வருடங்களாக விடாமல் பின்தொடரும் ஒரு ஊரை வைத்தே சொல்கிறேன்.

செர்பியாவின் வடக்கே, வொய்வொதினாவில் இருக்கும் பாச்கா டோப்போலா. மக்கள்தொகை 12 ஆயிரம் அளவில்தான். அதில் பாதிக்கு மேல் ஹங்கேரியர்கள். முதல் உலகப்போருக்குப் பிறகு எல்லைக்கோடு நகர்ந்ததில் இந்தப் பக்கம் நின்றுபோனவர்களின் வாரிசுகள். விக்டர் ஓர்பான் 2010இல் ஹங்கேரியில் மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் இப்படி அண்டை நாடுகளில் இருப்பவர்களுக்கு ஹங்கேரியக் குடியுரிமையைச் சுலபமாக்கினார். அப்புறம் வாக்குரிமை. 2014 தேர்தலில் அந்த வெளிநாட்டுத் தபால் வாக்குகளில் 95 சதவீதத்துக்கு மேல் அவர் கட்சிக்கே போனது. ஓர்பானின் கால்பந்துப் பைத்தியம் ஊரறிந்தது. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத தன் சொந்த ஊர் ஃபெல்சூட்டிலேயே அரங்கம் எழுப்பியவர். ஆகவே ஹங்கேரியப் பணத்தில் டோப்போலாவுக்கு மைதானம் வந்ததில் பாசமும் இருந்தது, அரசியல் கணக்கும் இருந்தது.

சரி, ஊருக்கு என்ன கிடைத்தது? 2020இல் உள்ளூர் அணியான டிஎஸ்சி, ஐரோப்பியக் கிளப்களுக்கான யூரோப்பா லீக் போட்டியின் தகுதிச் சுற்றில் ருமேனியாவின் எஃப்சிஎஸ்பி கிளப்போடு 6-6 என்று சமன் செய்து பெனால்டியில் தோற்றது. அப்படியொரு ஆட்டம் ஒரு ஊருக்கு வாழ்நாளில் ஒருமுறை வரும். அதைக்கூடச் சொந்த ஊரில் ஆட முடியவில்லை, பக்கத்து ஊரான செந்தாவில் ஆடினார்கள். 2021 செப்டம்பரில் 4,500 இருக்கைகளோடு புது மைதானம் திறந்தது. 2022-23இல் செர்பிய லீக்கில் இரண்டாம் இடம். அடுத்த சீசனில் யூரோப்பா லீக் குழுச் சுற்று. லண்டனில் அந்நகரக் கிளப்பான வெஸ்ட் ஹாமுக்கு எதிராக முதல் கோலை அடித்தது டிஎஸ்சியின் ஸ்டானிச். கடைசியில் 3-1 என்று தோற்றாலும் அந்தச் சில நிமிடங்களில் நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. நவம்பர் மாதம் வெஸ்ட் ஹாம் டோப்போலாவுக்கே வந்தது. 89ஆவது நிமிடம் வரை கோலே விழவில்லை, அப்புறம் சூச்செக் அடித்து முடித்துவிட்டார். கிரேக்கக் கிளப்பான ஒலிம்பியாகோஸோடு அதே மைதானத்தில் 2-2 என்று எடுத்ததுதான் அந்தக் குழுவில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே புள்ளி. அந்த ஒரு புள்ளியை நான் பெரிதாகவே மதிக்கிறேன். இருக்கை எண்ணிக்கை குறைவு என்று யாராவது குறை சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த ஊருக்கு 20 ஆயிரம் இருக்கை கட்டியிருந்தால் காலியாகக் கிடந்து பராமரிப்புச் செலவிலேயே கிளப் மூழ்கியிருக்கும்.

நடக்காததும் ஒன்று உண்டு. இந்த உதவிகளுக்கெல்லாம் சொல்லப்பட்ட காரணம், ஹங்கேரியர்கள் தங்கள் மண்ணிலேயே தங்க வேண்டும் என்பது. செர்பியாவில் 2011இல் இரண்டரை லட்சமாக இருந்த அவர்கள் 2022 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்து 84 ஆயிரம். ஹங்கேரி ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதால், கையில் கொடுத்த ஹங்கேரிய பாஸ்போர்ட்டே ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் வேலைக்குப் போக வழிதிறந்துவிட்டது. வேலைக்காகக் கிளம்புகிறவர்களை ஒரு மைதானம் எப்படி நிறுத்தும்?

அதனால் என்னைக் கேட்டால், ஹங்கேரியப் பணத்தில் வந்தவற்றில் அரங்கத்தைவிட மேலானது அங்கே நடக்கும் பயிற்சி அகாடமிதான். முதல் அணியின் பட்டியலில் உள்ளூர்ப் பையன்களின் பெயர் எத்தனை வருகிறது என்று ஒவ்வொரு சீசனும் தேடிப் பார்க்கிறேன். இன்னும் நிறைய வர வேண்டும்.