ஸ்கோப் வாங்கியாச்சு, சீரோ எங்கே வைப்பது?

கேள்வி: 0.177 அங்குலக் குழல் ஸ்பிரிங் ஏர்கன் வைத்திருக்கிறேன். தோப்பில் 10 முதல் 20 மீட்டருக்குள் டின், பேப்பர் டார்கெட் சுடுவேன். 50 மீட்டருக்கு சீரோ வைத்துவிட்டால் எல்லாத் தூரத்துக்கும் ஆகும் என்கிறார் நண்பர். (மஞ்சக்குப்பம்)

பதில்: 50 மீட்டரில் அவர் என்ன சுடுகிறாராம்? நீங்கள் 20 மீட்டரில் வையுங்கள், அதாவது அந்தத் தூரத்தில் ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே பெல்லட் (ஏர்கன் குண்டு) விழும்படி சரிசெய்யுங்கள். ஸ்கோப் குழலுக்கு மேலே சுமார் 4 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கீழேயிருந்து கிளம்பும் பெல்லட், பார்வைக்கோட்டை ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் தொடும். வினாடிக்கு 200 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், 20-இல் சீரோ வைத்த துப்பாக்கி 15-இல் ஏறக்குறைய நடுவிலும், 10-இல் அரை செ.மீ. சொச்சம் கீழேயும் அடிக்கும். டின்னுக்கு இது போதும். 50-இல் வைத்தால் 20 மீட்டரில் ஏழெட்டு செ.மீ. மேலே போகும். டின் அசையாது.

டரட் (ஸ்கோப்பைத் திருத்தும் திருகுக் குமிழ்) மேல் கிளிக்குக்குக் கால் அங்குலம் என்று போட்டிருப்பது 100 கஜத்துக்கான கணக்கு. 20 மீட்டரில் ஒரு கிளிக் சுமார் 1.4 மி.மீ.தான் நகர்த்தும், 3 செ.மீ. ஏற்ற ஏறக்குறைய 22 கிளிக் வேண்டும். ஐந்து சுட்டுவிட்டுத் திருகுங்கள், ஒவ்வொரு சுடுக்கும் திருகாதீர்கள். கடற்காற்று கிளம்புமுன் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கடையில் ஸ்கோப் வாங்கினேன். ‘சீரோ செய்து தருகிறோம்’ என்று தனியாக 800 ரூபாய் வாங்கினார்கள். வீட்டில் 15 மீட்டரில் ஒரு சாண் தள்ளி அடிக்கிறது. கேட்டால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லைக் காட்டுகிறார்கள். (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: இந்த 800 ரூபாய்க் கதையைக் கேட்டாலே எனக்கு எரிகிறது. உங்கள் எதிரில் ஒரு பெல்லட்டாவது சுட்டார்களா? குழல் வாயில் லேசரைச் செருகி, கடைச் சுவரில் விழும் சிவப்புப் புள்ளியோடு குறுக்குக்கோட்டை ஒட்டவைத்திருப்பார்கள். முதல் சுடு பேப்பரில் விழவாவது அது உதவும், அவ்வளவுதான். சீரோ என்பது உங்கள் பெல்லட், உங்கள் துப்பாக்கி, நீங்கள் பிடிக்கும் பிடி மூன்றும் சேர்ந்தது. கடைக்காரர் அதைப் பொட்டலம் கட்டித் தர முடியாது.

ஸ்கோப்பை விடுங்கள், செய்யாத வேலைக்கு வாங்கிய 800-ஐத் திருப்பிக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன். அதற்கும் அசையாவிட்டால், கடை புதுச்சேரியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. பில் பத்திரம்.

கேள்வி: மல்லாட்டைக் கொல்லையில் மயில் தொல்லை. எத்தனை மீட்டரில் சீரோ வைக்கலாம்? (பண்ருட்டி)

பதில்: ஒரு மீட்டரிலும் வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லுங்கள், மயிலைச் சுட்டால் ஜெயில்.

கேள்வி: 3-9x40 ஸ்கோப். 10 மீட்டரில் டார்கெட் புகையாகத் தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா? (நெல்லிக்குப்பம்)

பதில்: என் சாதிதான் நீங்கள். நானும் விலை மலிவு என்று இதையே வாங்கினேன். பெரிய ரைஃபிளுக்காக 100 கஜத்தில் பாரலாக்ஸை (தெளிவாகத் தெரியும் தூரத்தை) நிலைநிறுத்திய ஸ்கோப் பக்கத்தில் மங்கும். பெரிதாக்குவதை 9 மடங்கிலிருந்து 3-க்கு இறக்கினால் கொஞ்சம் தெளியும். ஆனால் ஸ்பிரிங் ஏர்கன் முன்னும் பின்னும் உதைக்கும், அதைத் தாங்கும்படி செய்த ஸ்கோப்தான் தாங்கும். என்னுடையதில் இரண்டே வாரத்தில் குறுக்குக்கோடு சாய்ந்தது. குலுக்கினால் கிலுகிலுப்பைச் சத்தம். இப்போது மேஜையில் பேப்பர் வெயிட். அடுத்தமுறை முன்கண்ணாடியைத் திருகி 10 மீட்டர் வரை ஃபோகஸ் இறங்குகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் 0.22 ஏர்கன், ஸ்கோப்புடன். பில் இல்லை, விற்றவர் போன் நம்பரும் அழிந்துவிட்டது. சீரோ நிற்கவில்லை, என்ன செய்யலாம்? (முத்தியால்பேட்டை)

பதில்: துப்பாக்கியைப் பில்லில்லாமல் வாங்குவது கத்தரிக்காய் வாங்குவதா? 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு மேற்பட்ட ஏர்கனுக்கு லைசென்ஸ் வேண்டும். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். ஸ்கோப்பை அப்புறம் பார்க்கலாம்.