இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டுப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 52 வயது. விருதுநகர் பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியை. எட்டு வருடமாகச் சர்க்கரை. போன மாதம் எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.2 சதவீதம். டாக்டர் திட்டிவிட்டு மாத்திரையைக் கூட்டினார். கொரோனா ஊரடங்கில் பிடித்துக்கொண்ட வாசிப்புதான் எனக்கு இருக்கும் ஒரே நிம்மதி. ராத்திரி பாத்திரம் கழுவிப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் பன்னிரண்டு மணி வரை நோய் நினைப்பே வராது. ஆனால் ஒரு மாதமாக வலது கண்ணில் கறுப்பு நூல் மாதிரி இரண்டு மூன்று மிதக்கின்றன. மகள் கண் டாக்டரிடம் கூப்பிடுகிறாள். நான்தான் தள்ளிப்போடுகிறேன். இனிமேல் வாசிக்காதே என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? ஐந்து பாக நாவல் ஒன்றில் இரண்டாம் பாகத்தில் இருக்கிறேன். இதையாவது முடித்துவிட்டுப் போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேண்டாம். இந்த வாரமே போங்கள். நான் டாக்டர் இல்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பட்டவன்.

வயதானால் கண்ணுக்குள் ஒன்றிரண்டு நூல் மிதப்பது பலருக்கும் உண்டு, பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர் கண்ணில் அது விழித்திரையிலிருந்து கசிந்த ரத்தமாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று கண்ணாடி முன்னால் நின்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது. திடீரென்று புள்ளிகள் கூட்டமாக வந்தாலோ, ஓரத்தில் மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைந்தாலோ வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே போக வேண்டும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். வாசிப்பதால் விழித்திரை கெடுவதில்லை. மங்கலான வெளிச்சத்தில் படித்தால் கண் களைக்கும், தலை வலிக்கும், அவ்வளவுதான். கெடுப்பது சர்க்கரையும் ரத்த அழுத்தமும். புத்தகத்தின் மேல் ஏன் பழி போட வேண்டும்?

என் கதையைக் கேளுங்கள். எழுத்து மங்கியபோது நான் போனது கண்ணாடிக் கடைக்கு. ஒரே வருடத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றினேன். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் நீர் கோத்துக்கொண்டு பவரே மாறும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சர்க்கரை ஒரு நிலைக்கு வராமல் கண்ணாடி வாங்குவது வளர்கிற பிள்ளைக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பது மாதிரி. அப்புறம் ஒருநாள் பக்கத்தின் நடுவில் வரிகள் வளைந்து தெரிந்தன. நாவலில் நல்ல கட்டம். இடது கண்ணை மூடியும் வலது கண்ணை மூடியும் பார்த்து, வளையாத கண்ணால் மீதியைப் படித்து முடித்தேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம் இதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவழியாகப் போனேன். சொட்டு விட்டு உட்கார வைத்தார்கள். கண்மணி விரிந்துவிட்டால் நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தில் எதுவும் தெளியாது. மடியில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு எழுத்தும் தெரியாமல் இருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், அவருக்கும் சொட்டு விட்டிருந்தது, நாளிதழை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியல தம்பி, இருந்தாலும் கையில இருக்கட்டும்" என்றார். அன்று நான் கேட்ட ஒரே ஆறுதல் வார்த்தை அது.

உள்ளே விழித்திரையைப் படம் எடுத்துத் திரையில் காட்டினார்கள். ஆரஞ்சு நிற வட்டம், அதில் ஆற்று வரைபடம் போல ரத்தக் குழாய்கள், அங்கங்கே ஊசியால் குத்தின மாதிரி சிவப்புப் புள்ளிகள், நடுவில் நீர்க்கோவை. இத்தனைக்கும் ஒருநாள்கூடக் கண் வலித்ததில்லை. இந்த நோயின் கபடமே அதுதான், பார்வை கெடும் வரைக்கும் ஒன்றும் சொல்லாது. சர்க்கரை என்று தெரிந்த அன்றே ஒரு தடவை, அப்புறம் வருடம் ஒரு தடவையாவது சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்வது இதனால்தான். நீங்கள் எட்டு வருடம் என்கிறீர்கள். எத்தனை முறை பார்த்தீர்கள் என்று எழுதவில்லை.

எனக்கு ஊசி போட்டார்கள், மாதம் ஒன்றாக மூன்று. கண்ணுக்குள் ஊசியா என்று கால் நடுங்கியது. மரக்கவைத்துத்தான் போடுகிறார்கள், ஒரு அழுத்தம் தெரிந்தது. வரிகள் ஏறக்குறைய நேரானது. எல்லோருக்கும் போனது திரும்பும் என்று சொல்லமாட்டேன். இருப்பதைக் காப்பாற்றுவதுதான் லேசருக்கும் ஊசிக்கும் முதல் வேலை. சீக்கிரம் போனால் காப்பாற்ற நிறைய இருக்கும்.

உங்களுக்கு மதுரை பக்கம்தான். அங்கே 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு இளமையிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்தக் கையோடுதான் கண் அறுவைச் சிகிச்சை செய்யப் பழகி, பல்லாயிரம் பேருக்குச் செய்தார். ஊக்கப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, எனக்கு அந்த மாதிரிக் கதைகளில் அலுப்பு உண்டு. கை இப்படி ஆகிவிட்டது, இதற்கு எப்படிப் பிடிப்பது என்று அவர் யோசித்திருப்பார் இல்லையா, அந்த யோசனைதான் நமக்கு வேண்டியது.

நான் செய்துகொண்ட சில ஏற்பாடுகள்: பொடி எழுத்துப் பதிப்புகளை விட்டுவிட்டேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளக் கைக்கணினி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு. விளக்கு தோளுக்குப் பின்னால். கண் ஒத்துழைக்காத நாளில் ஒலிநூல். முதலில் எரிச்சலாக இருந்தது, யாரோ என் நாவலைப் பிடுங்கி வாசிப்பது போல. பழகிவிட்டது.

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நாவலுக்கும் நடுவே ஒரு பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். சாப்பிட்டதும் உட்கார்ந்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். என் விஷயத்தில் பக்கத்தில் ஒரு முறுக்கு டப்பாவும் இருந்தது. விறுவிறுப்பான அத்தியாயத்தில் எத்தனை உள்ளே போனது என்று யார் எண்ணுவது? பன்னிரண்டு மணியைப் பதினொன்று ஆக்க முடிந்தால் நல்லது, தூக்கம் குறைந்தாலும் காலையில் மீட்டரில் தெரியும்.

வாசிப்பு நிம்மதி என்கிறீர்கள். எனக்கும்தான். ஆனால் வியாதியின் பெயரை இணையத்தில் அடித்து நடுராத்திரியில் படிப்பதும் வாசிப்புதான். அதைவிடக் கொடிய பழக்கம் இல்லை. ரிப்போர்ட் வந்த நாட்களில் நான் ஏற்கெனவே படித்த நாவலைத்தான் எடுப்பேன். முடிவு தெரியும், யாருக்கு என்ன ஆகும் என்று பதற வேண்டாம்.

சனிக்கிழமை பள்ளி இருக்காது என்று நினைக்கிறேன். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், திரும்பும்போது நீங்கள் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. வெயில் கண்ணில் குத்தும், கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைச் சீட்டும் பழைய ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். சீட்டுப் போட்டு, சொட்டு விடுவதற்குள் எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். இரண்டாம் பாகத்தை அதற்குக் கொண்டுபோங்கள்.