தில்லி ஜனவரியில் கறவை மாடு

ஈரோட்டுப் பக்கமிருந்து வந்து தில்லியின் நஜஃப்கட் அருகே பால் பண்ணை ஆரம்பித்திருக்கும் தம்பியின் கேள்வி இது. இரண்டு ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன்) கலப்புப் பசு, ஒரு முர்ரா எருமை. ஒரு பசு ஜனவரியில் கன்று போடும். மாடு குளிரில் சாகும் என்று பக்கத்தில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், கொட்டகைக்கு ஹீட்டர் போட வேண்டுமா?

வேண்டாம் தம்பி. 2021 ஜனவரி 1 அன்று தில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி செல்சியஸ் பதிவானது. உங்கள் பக்கம் திறந்த வயல்வெளி என்பதால் நகரத்துக்குள் இருப்பதைவிடக் குளிர் கூடுதலாகத்தான் இருக்கும். அப்படியும் உடம்பு காய்ந்து, வாடைக்காற்று படாமல், வயிறு நிறையத் தீவனம் தின்ற வளர்ந்த பசு அதைத் தாங்கிவிடும். நார்த்தீவனம் முதல் வயிற்றில் புளிக்கும்போதே உடம்புக்குச் சூடு கிளம்புகிறது. மாட்டைக் கெடுப்பது ஈரம், நேராக அடிக்கும் காற்று, மூடிவைத்த கொட்டகையின் புழுக்கம், இந்த மூன்றும்தான்.

முதலில் தரை. வெறும் சிமெண்டில் படுத்தால் வயிற்றுச் சூடு முழுவதும் தரைக்கு இறங்கிவிடும். பராலி, அதாவது நம் நெல் வைக்கோல், அரை அடி உயரத்துக்குப் பரப்புங்கள். பூஸாவை, அதாவது பொடித்த கோதுமை வைக்கோலை, படுக்கைக்கு வீணாக்காதீர்கள், அது தீவனம். காலையில் மூத்திரம் ஊறிய இடத்தை மட்டும் வாரிவிட்டு, சுண்ணாம்புத் தூள் தூவி, மேலே புதிதாகப் போட்டால் போதும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, படுக்கையில் அரை நிமிடம் முட்டி போடுங்கள். பேண்ட் நனைந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

குளிர்காற்று வடமேற்கிலிருந்து வரும். அந்தப் பக்கத்துக்குச் சாக்குத் திரையோ தார்ப்பாயோ கட்டி, பொழுது சாய்ந்ததும் இறக்கி, காலையில் மூடுபனி கலைந்ததும் சுருட்டிவிடுங்கள். எல்லோரும் தவறுவது இங்கேதான்: நாலு பக்கமும் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவார்கள். மாடு விடும் மூச்சின் ஈரம் தகரக் கூரையில் பட்டுச் சொட்டும், மூத்திரத்தின் அமோனியா கீழே தங்கும், இரண்டு வாரத்தில் கன்றுக்குச் சளி பிடித்து நிமோனியாவில் முடியும். கூரைக்கடியில் ஒரு சாண் இடைவெளி எப்போதும் திறந்திருக்கட்டும். விடியற்காலையில் கன்றின் உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள், கண் எரிந்தால் காற்றோட்டம் போதாது. உள்ளே அங்கீட்டி, அதாவது கரி அடுப்பு, மூட்டவே கூடாது. அதன் கரிவாயு மாட்டோடு காவலுக்குப் படுத்திருக்கும் ஆளையும் கொன்றுவிடும்.

முதுகில் ஜூல், அதாவது சணல் சாக்குப் போர்வை, கட்டுவது நல்லதுதான், எருமைக்குக் கட்டாயம். எருமைக்கு முடி குறைவு, பசுவைவிடச் சீக்கிரம் நடுங்கும். ஆனால் வெயில் வந்ததும் அவிழ்த்துக் காயப்போட வேண்டும். நனைந்த சாக்கு உடம்புச் சூட்டை உறிஞ்சும், அதற்குச் சாக்கே இல்லாமல் விடலாம். குளிப்பாட்டுவதாக இருந்தால் உச்சிவெயிலில் மட்டும்.

தீவனத்தில் கடுங்குளிர் நாட்களுக்கு வழக்கமான கலப்புத் தீவனத்தோடு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கூட்டுங்கள், நாலைந்து நாளில் படிப்படியாக. ஒரேயடியாக ஏற்றினால் வயிறு புளித்துத் தீனி நின்றுபோகும். இரவு முழுக்க பூஸா தொட்டியில் கிடக்கட்டும். வெல்லம் கால் கிலோ கொடுக்கச் சொல்வார்கள், கொடுக்கலாம். ரம் ஊற்றச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள், அது தோலுக்கு ரத்தத்தை இழுத்து இருக்கிற சூட்டையும் வெளியே விடும்.

இங்கே குளிர்காலப் பசுந்தீவனம் பர்சீம். பெரும்பகுதி தண்ணீர்தான். பனி ஈரத்தோடு வெறும் வயிற்றில் போட்டால் இடது பக்கம் வயிறு உப்பி மாடு விழுந்துவிடும். அறுத்துச் சில மணி நேரம் வாடவிட்டு, முதலில் பூஸா போட்டு, பிறகு பர்சீமை பூஸாவோடு கலந்து வையுங்கள். உப்பிவிட்டால் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் வரும்வரை சமையல் எண்ணெய் கால் லிட்டர் மெதுவாகப் புகட்டலாம். தலையை ரொம்பத் தூக்கிப் பிடிக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

பத்து லிட்டர் கறக்கும் பசுவுக்கு நாளைக்கு ஐம்பது, அறுபது லிட்டர் தண்ணீர் வேண்டும். மொட்டைமாடித் தொட்டியின் ஐஸ் தண்ணீரை அது பாதிகூடக் குடிக்காது. பால் குறையும், சாணி இறுகும். போர் மோட்டாரிலிருந்து அந்த நேரத்தில் புதிதாக இறைத்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், அதையே காட்டுங்கள்.

கறந்தபின் காம்பைக் கிருமிநாசினி மருந்தில் முக்கினால், துடைத்துக் காய்ந்தபிறகே வெளியே விடுங்கள். இல்லாவிட்டால் வெடிப்பு விழுந்து, மாடு கறவைக்கு நிற்காது.

பிறக்கப்போகும் கன்றுதான் உண்மையான கவலை. விழுந்தவுடன் காய்ந்த சாக்கால் அழுத்தித் தேய்த்து முடியை முழுக்க உலர்த்துங்கள். தாய் நக்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தொப்புளை டிஞ்சர் அயோடினில் முக்குங்கள். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் சீம்பால் இரண்டரை லிட்டருக்குக் குறையக் கூடாது, அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். கன்றின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்றிருந்து விரலைச் சப்பவும் இல்லை என்றால் உடனே பால் புகட்டாதீர்கள், புரையேறும். முதலில் சுடுதண்ணீர் பாட்டிலைச் சாக்கில் சுற்றி அணைத்துவைத்து உடம்பைச் சூடேற்றுங்கள், டாக்டருக்கும் சொல்லுங்கள். நல்ல கன்றின் சூடு 38.5 முதல் 39.5 டிகிரி. முதல் மாதம் முழுக்க, படுக்கப்போகும் முன் வெதுவெதுப்பான பால் அரை லிட்டர் கூடுதலாகக் கொடுங்கள்.

கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசுத் திட்டத்தில் இலவசம். மாட்டின் காதில் 12 இலக்க அடையாள எண் வில்லை இல்லையென்றால் அரசு கால்நடை மருத்துவமனையில் சொல்லிப் பதிந்துகொண்டு, கடுங்குளிருக்கு முன்பே ஊசியையும் கேட்டுவிடுங்கள்.