சிவ் 5ல கப்பலைக் காட்டி ஓட்டு வாங்குறது: கேட்டவங்களுக்கு என் பதில்

சிவிலைசேஷன் 5 கம்ப்யூட்டர் கேம்ல இங்கிலாந்தை எடுத்து, ஆர்க்கிபெலாகோங்கிற தீவுக்கூட்ட மேப்ல, எம்பரர்ங்கிற கஷ்டமான லெவல்ல டிப்ளமாட்டிக் விக்டரி (உலக சபையில ஓட்டு வாங்கி ஜெயிக்கிறது) அடிச்சேன்னு சும்மா சொல்லி வச்சேன், கேள்வி குவிஞ்சிருச்சு. சொல்றதெல்லாம் பிரேவ் நியூ வேர்ல்ட் எக்ஸ்பான்ஷன் போட்டு ஆடுறவங்களுக்கு மட்டும்தான்.

கடல்நண்டு: அண்ணா, ஓட்டு வாங்கணும்னா வெனிஸ்தானே பெஸ்ட்? எதுக்கு இங்கிலாந்து?

வெனிஸுக்கு ட்ரேட் ரூட் ரெண்டு மடங்கு, காசு கொட்டும், மறுக்கல. ஆனா புது ஊர் உண்டாக்குற செட்லர் கிடையாது, அதனால பக்கத்துல அயர்ன் இல்லன்னா ஃப்ரிகேட்ங்கிற போர்க்கப்பலுக்கு ததிங்கிணத்தோம்தான். வெனிஸோட வியாபாரியை அனுப்பி சிட்டி ஸ்டேட்டை (ஒரே ஊர் இருக்கிற குட்டி நாடு, கூட்டாளி ஆனா அதோட ஓட்டு நமக்கு) விலைக்கு வாங்கினா அங்க ஒரு ஓட்டும் போச்சு. இங்கிலாந்துக்குப் போர்க்கப்பல் எல்லாத்துக்கும் 2 மூவ் கூடுதல், ஃப்ரிகேட்டுக்குப் பதிலா அவங்களுக்கு மட்டும் வர்ற ஷிப் ஆஃப் தி லைனுக்கு ரேஞ்ச் அட்டாக் 35, சாதா ஃப்ரிகேட்டுக்கு 28தான். எல்லாத்துக்கும் மேல ஒரு ஸ்பை கூடுதல். ஆரம்பத்துல அவனை சிட்டி ஸ்டேட்ல எலெக்ஷன் கோல்மால் பண்ண விடுங்க, கடைசியில குளோபலைசேஷன் டெக் வந்ததும் அடுத்தவன் தலைநகர்ல டிப்ளமேட்டா (தூதரா) உட்கார வச்சா ஆளுக்கு ஒரு ஓட்டு.

ராக்கெட்ராஜா: ஆறு ஃப்ரிகேட் வச்சு அடிக்கிறேன், சிட்டி ஹெல்த் காலி, ஆனா பிடிக்க முடியல. பக்கா?

பக் இல்ல. ஃப்ரிகேட் தூர இருந்து சுடத்தான் செய்யும், ஊருக்குள்ள போகாது. கிட்டப் போய் மோதுற கப்பல், பிரைவேட்டியரோ கேரவலோ ஒண்ணு கூட வேணும்.

முத்துக்குளி: ஓட்டுக்குக் காசு கொடுத்தா போதுமே, இதுல கப்பலுக்கு என்ன வேலை?

இதுதான் கேள்வி. சிட்டி ஸ்டேட்டுக்குக் காசு கொடுத்து 60 இன்ஃப்ளுயன்ஸ் (நம்ம செல்வாக்கு) ஏத்தி கூட்டாளி ஆக்கலாம், ஆனா டர்னுக்கு டர்ன் கரையும், அடுத்தவன் 1000 கோல்ட் தூக்கிப் போட்டா உங்க ஆள் அவன் பக்கம் போயிருவான். கப்பல் ரெண்டு வழியில உதவும். ஒண்ணு, மீட்கிறது. என் கேம்ல ஓட்டோமான் தலைவன் சுலைமான் ஸான்ஸிபார்ங்கிற சிட்டி ஸ்டேட்டை முழுங்கிட்டான். அஞ்சு ஷிப் ஆஃப் தி லைன் ரெண்டு டர்ன் அடிச்சுது, பிரைவேட்டியர் உள்ள போச்சு, உடனே ஒரு பெட்டி வந்து அனெக்ஸா (நேரா நம்ம ஊரா சேர்க்கிறது) பப்பெட்டா (பொம்மை ஊரா வைக்கிறது)ன்னு கேக்கும், அவசரத்துல எதையாவது அமுக்கிராதீங்க, லிபரேட்னு இருக்கும் பாருங்க, அதை அமுக்கினா செத்த சிட்டி ஸ்டேட் எழுந்து வந்து அன்னைக்கே நம்ம கூட்டாளி, வார்மாங்கர்னு (போர்வெறியன்) கெட்ட பேரும் இல்ல. சுலைமான்கிட்ட மட்டும் சூதானமா இருங்க, நம்ம கப்பலையே பிடிச்சு நம்ம மேல ஏவுவான்.

ரெண்டாவது வழி ஆட்டோக்ரசிங்கிற ஐடியாலஜியில (கேம் பிற்பகுதியில நாடு எடுக்கிற கொள்கை) மூணாவது லெவல்ல இருக்கிற கன்போட் டிப்ளமசி. கப்பம் கேட்டா கொடுக்கிற நிலைமையில எந்தெந்த சிட்டி ஸ்டேட் இருக்கோ, அங்கெல்லாம் டர்னுக்கு 6 இன்ஃப்ளுயன்ஸ் சும்மா ஏறும். கரையிற 1 போனாலும் 12 டர்ன்ல பூஜ்யத்துலேர்ந்து கூட்டாளி. பக்கத்துல எவ்வளவு படை நிக்குதுன்னு கணக்குப் பார்க்கும், அதனால நாலு கப்பலை ரெண்டு மூணு சிட்டி ஸ்டேட்டுக்கு நடுவுல நங்கூரம் போட்டு விட்டுருங்க. பயப்படுறாங்களான்னு தெரிய கப்பம் கேக்கிற மெனுவைத் திறந்து பாருங்க, பார்த்துட்டு மூடிருங்க. நிஜமா கேட்டுராதீங்க. கேட்டா உடனே 15 போகும், அதோட சமீபத்துல பிடுங்கினான்னு மனசுல வச்சுக்கிட்டு அடுத்து பயப்படவும் மாட்டான், அந்த 6உம் நின்னுரும்.

பனைமரம்: இதுக்கு ஃப்ரீடம் ஐடியாலஜி எடுத்து அதுல ட்ரீட்டி ஆர்கனைசேஷன் போட்டா மிரட்டாமலே வேலை முடியுதே ஜி. ட்ரேட் ரூட் போட்ட சிட்டி ஸ்டேட்ல எல்லாம் டர்னுக்கு 4 இன்ஃப்ளுயன்ஸ்.

4 கம்மி, 6 ஜாஸ்தி ஜி. அதுக்கு மேல மொத்த ரூட்டே 8, கொலாசஸ், பெட்ரான்னு ரெண்டு அதிசயமும் கட்டினா 10. அதையெல்லாம் சிட்டி ஸ்டேட்டுக்கு அனுப்பிட்டா பெரிய நாட்டோட வியாபாரம் பண்ணி வர்ற காசு எங்க? நடுக்கடல்ல கொள்ளையும் போகும்.

பனைமரம்: அதான் உங்ககிட்ட கப்பல் இருக்கே, காவலுக்கு விடுங்க. ஆட்டோக்ரசி எடுத்துட்டு மத்த எல்லாரும் ஃப்ரீடம் போனா ஜனங்க கொதிப்பாங்களே, அந்த சந்தோஷக் கணக்கைப் போட்டீங்களா?

காவல் விஷயம் சரி, ஒத்துக்கிறேன். ஜனங்க கொதிக்கிறதும் உண்மைதான், எவனாவது டூரிசத்துல கொழுத்து ஃப்ரீடம்ல உட்கார்ந்திருந்தா நான் கூட ஆட்டோக்ரசி பக்கம் போக மாட்டேன். ஆனா பாதி உலகம் சண்டையில கிடக்கிற கேம்ல உங்க சரக்குக் கப்பல் எத்தனை டர்ன் உயிரோட இருக்கும்? யார் யாரோட சண்டைன்னு பார்க்காம ஐடியாலஜி எடுக்கிறதுதான் தப்பு.

பனைமரம்: நான் சண்டையே போட மாட்டேன்.

நீங்க போட மாட்டீங்க ஜி, அவன் போடுவானே.

சின்னதுரை_கேமர்: ஃப்ரிகேட் வச்சு சிட்டி பிடிக்க முடியல, என்ன பண்ண?

மேல ராக்கெட்ராஜாவுக்குச் சொன்னதைப் படிங்க.

உப்புக்காத்து: லக்ஸரி பொருளை அடுத்த நாட்டுக்கு வித்தா மொத்தமா காசு தர மாட்டேங்கிறாங்க.

டிக்ளரேஷன் ஆஃப் ஃப்ரெண்ட்ஷிப் (நட்பு அறிவிப்பு) இல்லாம கைக்காசு வராது, டர்னுக்கு இவ்வளவுன்னுதான் தருவான்.

வேங்கை: சோழர் வச்சு ஆட முடியுமாண்ணே?

சிவ் 5ல இந்தியான்னா காந்திதான் தம்பி. சிவ் 7ல எக்ஸ்ப்ளோரேஷன் ஏஜ்ல சோழர் இருக்காங்க. அதுக்கு வேற ஆளைக் கேளுங்க.

மேகம்: ரொம்பக் கஷ்டமான டெய்ட்டி லெவல்ல இது ஓடுமா?

நான் டெய்ட்டி ஆடுறதில்ல.

சுறா_99: அண்ணா ஃப்ரிகேட் ஊருக்குள்ள...

பிரைவேட்டியர். பிரைவேட்டியர். பிரைவேட்டியர்.

முத்துக்குளி: அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே கப்பலை நிறுத்தினேன், ரெண்டு ஊர் பயந்துச்சு, காசு அவசரமா இருந்துச்சா, ரெண்டுலயும் கப்பம் கேட்டுட்டேன்.

ஆட்டோசேவ் இருக்கா?

முத்துக்குளி: இருக்குண்ணே, 6 டர்ன் முன்னாடி.

போய் லோட் பண்ணுங்க.